ஆட்டுக்கு மழை ஆகாது: முன்பள்ளிப் பிள்ளைகள் சிரிக்க ஒரு மிருகப் படப்புத்தகம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி நடத்தும் டீச்சர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: 3 முதல் 5 வயது வரையான இருபது பிள்ளைகளுக்காக, சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போகிற கதையொன்றை 24 வரிப் பாட்டாக எழுதிப் படமும் வரைந்திருக்கிறார். வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். எத்தனை பக்கம் இருக்க வேண்டும், எந்தக் கடதாசி, எங்கே அச்சடிப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அடியில் இருக்கிற உண்மையான கேள்வி வேறு: பிள்ளைகள் ஏன் சிரிக்கவில்லை? அதற்கு விடை தெரிந்தால் பக்கக் கணக்கும் கடதாசியும் தானாக அதன் பின்னால் வரும். ஆகவே முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சின்னப் பிள்ளையின் சிரிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பொருள் வழக்கமாக எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது மாறி நடந்தால் சிரிப்பு வரும். சப்பாத்தைத் தலையில் போட்டால் 2 வயதுப் பிள்ளை சிரிக்கிறது, ஏனென்றால் சப்பாத்து காலுக்கு உரியது என்று அதற்குத் தெரியும். போல் மக்கீ என்ற உளவியலாளர் 1970களில் பிள்ளைகளின் நகைச்சுவை வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். பொருளை மாற்றிப் பயன்படுத்துவது முதலில் சிரிப்பூட்டும்; பெயரை மாற்றிச் சொல்வது அடுத்து; உருவமும் நடத்தையும் முரண்படுவது 3 வயதுக்குப் பிறகு. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துச் சொல்லும் சிலேடை ஏறத்தாழ 7 வயதில்தான் பிடிபடும். உங்கள் பாட்டில் உள்ள பகிடிகளில் பாதி சிலேடை, டீச்சர். அவை உங்களோடு வேலை செய்கிற பெரியவர்களைச் சிரிக்க வைத்திருக்கும். பிள்ளைகளுக்கு அவை இன்னும் மூன்று வருடம் தூரத்தில் இருக்கின்றன.

ஒட்டகச்சிவிங்கியின் சிக்கலும் இதே இடத்தில்தான். அது படத்தில் மட்டும் பார்த்த மிருகம். அது என்ன தின்னும், எப்படிப் படுக்கும், எதற்குப் பயப்படும் என்று பிள்ளைக்குத் தெரியாது. வழக்கமே தெரியாதபோது அது சட்டை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிற ஆட்டைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். தூறல் விழுந்தவுடன் கத்திக்கொண்டு கூரைக்குள் ஓடும், கைக்கெட்டிய இலையை எல்லாம் தின்னும், காயப்போட்ட துணியைக்கூட விடாது. மிருகத்தின் உண்மையான குணத்திலிருந்து பகிடி பிறந்தால் பிள்ளைக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. சட்டையும் தொப்பியும் மாட்டிவிடுவது பெரும்பாலும் அந்தக் குணத்தை மூடி மறைக்கும் வேலைதான்.

மலையகத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நாய் படுக்குமுன் இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். கோழி புழுதியில் குளித்துவிட்டு உதறும். அட்டைக்கு உடம்பின் இரண்டு முனையிலும் உறிஞ்சி இருப்பதால் சாண் போட்டு அளப்பதுபோல வளைந்து வளைந்து நடக்கும். எல்லாவற்றையும் அளந்துகொண்டே போகிற அட்டை ஒரு முழுப் புத்தகத்துக்கே கதை. முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்று பெரியவர்கள் சொல்வது தவறு. அது முள்ளைச் சிலிர்த்துச் சலசலக்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தமே வாசித்துக் காட்டுவதற்கு நல்ல சங்கதி. மத்திய மலைநாட்டுக் காடுகளில் மட்டும் இருக்கிற ஓர் ஓணானுக்கு மூக்கு நுனியில் கொம்பு உண்டு. அதைப் பார்க்காத பிள்ளைக்கும் ஓணானைத் தெரியும், ஆகவே அந்த மூக்கு சிரிப்பைக் கொண்டுவரும்.

சிலவற்றைத் தொடாமல் விடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். கொழுந்து எடுக்கும் மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன தாய் எந்தத் தோட்டத்திலும் இருப்பார். குளவி துரத்துகிற காட்சி அந்தத் தாயின் பிள்ளைக்குப் பகிடி ஆகாது. சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போன லயத்திலும் அப்படித்தான். பாம்பை வேடிக்கையாக்கினால் இன்னொரு ஆபத்து, பிள்ளை கிட்டப் போகும். எருமை, கழுதை, குரங்கு என்ற பெயர்களை நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். அவற்றை முட்டாள் பாத்திரமாக வரைந்தால் மறுநாள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் உள்ள பிள்ளையின் பெயரை எந்த மிருகத்துக்கும் வைக்க வேண்டாம், அன்பாகக்கூட வேண்டாம்.

அடுத்தது, சிரிப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பது. இதற்கு வெளியில் எங்கும் போகத் தேவையில்லை. கைக்குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்து 'பருப்புக் கடை, பருப்புக் கடை' என்று கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டு, 'நண்டூருது நரியூருது' என்று இரண்டு விரலைக் கைமேல் நடத்திக்கொண்டு போய்க் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவார்களே, அதில் எல்லாம் இருக்கிறது. ஒரே செயல் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன நடக்கப் போகிறது என்று குழந்தைக்குத் தெரியும். எப்போது நடக்கும் என்று மட்டும் தெரியாது. விரல் மணிக்கட்டைத் தாண்டும்போதே குழந்தை தோளைக் குறுக்கிச் சிரிக்கத் தொடங்கிவிடும்; கிச்சுக்கிச்சு அதற்குப் பிறகுதான். படப்புத்தகத்தில் அந்த விரல் நடையின் இடத்தில் நிற்பது பக்கம் புரட்டுவது.

ஆகவே வலப்பக்கத்தில் எதிர்பார்ப்பு, புரட்டியவுடன் இடப்பக்கத்தில் விளைவு. ஒற்றை எண் பக்கங்கள் எப்போதும் வலப்புறம் வரும், ஆகவே 5, 7, 11 போன்ற பக்கங்கள் தூண்டில், 6, 8, 12 மீன். உங்கள் பாட்டுப் புத்தகத்தில் தூண்டிலும் மீனும் ஒரே விரிப்பில் எதிரெதிராக இருக்கின்றன. பிள்ளையின் கண் முதலில் விளைவைப் பார்த்துவிடுகிறது, பிறகு வாசிக்கிற வரிக்கு வேலை இல்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். படம் சொல்வதையே எழுத்தும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். 'ஆடு வாழையிலையைத் தின்றுவிட்டது' என்று எழுதி, ஆடு இலை தின்கிற படத்தையும் போட்டால் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. எழுத்து 'குடை எங்க?' என்று மட்டும் அப்பாவியாகக் கேட்கட்டும். படத்தில் ஆட்டின் கன்னம் புடைத்திருக்கட்டும், உதட்டில் காம்பு தொங்கட்டும். அப்போது டீச்சருக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரிகிறது. 'தின்னுட்டு! தின்னுட்டு!' என்று கூச்சல் வரும். அந்தக் கூச்சலுக்காகத்தான் முழுப் புத்தகமும்.

இதை வெறும் உபதேசமாக விடாமல் 16 பக்கத்தில் போட்டுக் காட்டுகிறேன். வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பக்கம் முன்னட்டை: ஆடு மேகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. இரண்டில் புத்தக விவரம். மூன்றில்: 'மழை வருது. ஆட்டுக்கு மழை ஆகாது.' நான்கில்: 'ஓடுது ஆடு. குடுகுடு குடுகுடு.' ஐந்தில், ஆட்டைவிடப் பெரிய இலையை அது காம்பில் கவ்விப் பிடித்திருக்கிறது: 'வாழையிலைக் குடை. நல்ல குடை.' புரட்டினால் ஆறில்: 'குடை எங்க?' ஏழில்: 'கோவா இலைக் குடை. நல்ல குடை.' புரட்டினால் எட்டும் ஒன்பதும் சேர்ந்த நடு விரிப்பு முழுவதும் கொட்டுகிற மழை, நடுவில் நனைந்து ஒட்டிப்போன ஆடு, மறுபடி புடைத்த கன்னம்: 'குடை எங்க?' பத்தில் இஸ்தோப்பில் விரித்து வைத்த ஒரு துணிக்குடை: 'கறுப்புக் குடை.' பதினொன்றில் ஆடு அதன் ஓரத்தை வாயில் வைக்கிறது: 'நல்ல குடையா?' புரட்டினால் பன்னிரண்டில்: 'தூ! தூ! தூ!' பதின்மூன்றில் மூவரும் குடைக்குக் கீழே: 'நனையாத ஆடு. நனையாத கோழி. நனையாத நாய்.' பதினான்கில்: 'குட்டியும் வருது.' பதினைந்தில்: 'குட்டி தலையில என்னது?' குட்டி ஒரு பலா இலையைத் தொப்பியாக வைத்திருக்கிறது, பெரிய ஆடு ஓரக்கண்ணால் பார்க்கிறது. பின்னட்டையான பதினாறில் எழுத்தே இல்லை. குட்டியின் தலை வெறுமை, தாயின் கன்னம் புடைப்பு.

மொத்தம் 40 சொல். குறைவு என்று தோன்றும். 3 வயதுக்கு இது நிறையவே போதும். இலைக் குடை இரண்டு தடவை வருகிறது, மூன்றாவதில் வழக்கம் உடைகிறது. இரண்டு தடவை நடந்ததுமே பிள்ளை மூன்றாவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும், அந்த எதிர்பார்ப்பை ஏமாற்றுவதுதான் 'தூ!'. உங்கள் வகுப்பில் 3 வயதினர் கூடுதலாக இருந்தால் இன்னொரு இலையைச் சேர்க்கலாம், ஆனால் அப்போது பக்கம் 16ஐத் தாண்டி 20 ஆகும். இலைகளைப் பிள்ளைகளின் கண்ணில் படுகிறவையாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் கோவாப் பாத்தி எங்கும் இருக்கும், வாழையும் பலாவும் அரிது. கீழே இறங்க இறங்க அது மாறும். சேம்பிலை குடைக்கு அழகாகப் பொருந்தும், ஆசையாகவும் இருக்கும், ஆனாலும் சேர்க்காதீர்கள். பச்சைச் சேம்பை மென்றால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும். 3 வயதுப் பிள்ளை பார்த்ததைச் செய்து பார்க்கும்.

மொழியைப் பற்றி உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் பாட்டைப் பார்த்தால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் எழுதுகிற நடையில் இந்தக் கதை 'ஆடு மழையை விரும்பவில்லை' என்று தொடங்கும். பிழையில்லை, ஆனால் லயத்தில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. 'ஆட்டுக்கு மழை ஆகாது' என்றால் அதே கருத்து, பிள்ளையின் ஆத்தா பேசுகிற மாதிரியே வந்து விழுகிறது. வினைச்சொற்களைச் சுருக்குங்கள்: 'ஓடிக்கொண்டிருந்தது' வேண்டாம், 'ஓடுது' போதும். ஒலிக்குறிப்புச் சொற்களில் தமிழ் பெரிய செல்வம் வைத்திருக்கிறது; குடுகுடு, தொப், சளக் சளக், வழவழ, லபக். இவற்றைப் பிள்ளைகள் முதல் வாசிப்பிலேயே பிடித்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து சொல்வார்கள். பேச்சு நடையை அச்சில் போட்டால் முதலாம் வகுப்பில் எழுத்து நடை கெட்டுவிடுமா என்று சிலர் கேட்பார்கள். இதில் ஆசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வாசித்துக் காட்டப்படும் புத்தகத்தில், இந்த வயதில், பேச்சு நடைதான் சரி என்பது என் தீர்மானம். ஒரு விதி மட்டும் கடைப்பிடியுங்கள்: ஒரே சொல்லை எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆறாம் பக்கத்தில் 'எங்க', எட்டில் 'எங்கே' என்று இருக்கக் கூடாது.

பாட்டு முடிவில் 'பகிர்ந்து உண்போம்' என்று ஒரு நீதி வைத்திருக்கிறீர்கள். நீதியைப் பற்றி உறுதியாகவும் சொல்ல முடியும், சந்தேகமாகவும் சொல்ல முடியும். உறுதி இது: நீதி வரி வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். சந்தேகம் இது: மிருகக் கதையிலிருந்து பிள்ளை அந்த நீதியை எடுத்துக்கொள்கிறதா? டொரொண்டோவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்வதைப் பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், மனிதரைப்போல் நடக்கிற மிருகங்களோடும் வாசித்துக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். மனிதப் பாத்திரக் கதை கேட்டவர்கள் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள், மிருகக் கதை கேட்டவர்களிடம் அது நடக்கவில்லை. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் நீதிக்காக ஒரு நல்ல பகிடியைப் பலி கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல அது போதும்.

இனி கைவேலை. நான்கு ஏ4 கடதாசியை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். மடித்துக் கட்டுகிற புத்தகத்தில் பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கால் வகுபட வேண்டும்; உங்கள் 18 பக்கத் திட்டம் அதனால்தான் கடையில் சிக்கியது. படம் வரையுமுன் இந்த நான்கு தாளையும் மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டு, பிறகு பிரித்துப் பாருங்கள். எந்தத் தாளில் எது எதோடு சேர்கிறது என்று அதுவே காட்டும். வெளித்தாளின் ஒருபுறம் 16ம் 1ம், மறுபுறம் 2ம் 15ம். அடுத்ததில் 14ம் 3ம், பின்னால் 4ம் 13ம். மூன்றாவதில் 12ம் 5ம், பின்னால் 6ம் 11ம். உள்தாளில் 10ம் 7ம், பின்னால் 8ம் 9ம். பக்கத்தில் பக்கமாக வருகிற இரண்டு எண்ணைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. 8ம் 9ம் மட்டுமே கதை ஓட்டத்திலும் ஒரே தாளில் அருகருகே வருகின்றன. நனைந்த ஆட்டை அங்கே வைத்ததற்குக் காரணம் அதுதான், மடிப்பில் படம் விலகாது.

ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி ஏ4 தாளில் வரையுங்கள். போட்டோ கொப்பியில் 71 வீதத்துக்குக் குறைத்தால் ஏ5, 141 வீதத்துக்குக் கூட்டினால் ஏ3. ஒரே மூலத்திலிருந்து கையில் கொடுக்கிற சின்னப் புத்தகமும், இருபது பேருக்கு முன்னால் பிடிக்கிற பெரிய புத்தகமும் கிடைக்கும். இருபது பிள்ளைகளுக்கு ஏ5ஐத் தூக்கிக் காட்டினால் பின்வரிசை எழும்பி முன்னால் வரும், முன்வரிசை தள்ளும், கதை அங்கேயே முடியும். பெரிய புத்தகத்தைத் தாளின் இருபுறமும் வருமாறு எடுக்க வேண்டும், அல்லது முதுகுக்கு முதுகு ஒட்ட வேண்டும். ஒருபுறம் மட்டும் அடித்துப் பக்கங்களை அருகருகே வைத்தால் புரட்டும் சுவை போய்விடும்.

சுற்றுக்கோட்டை மார்க்கரால் 2 மில்லிமீற்றர் தடிப்பில் போடுங்கள். குறைத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை ஆகும், அதுவே சரி. முதல் கீறலுக்கு வெளிர் நீலப் பென்சில் நல்லது, கறுப்பு வெள்ளைக் கொப்பியில் அது பெரும்பாலும் விழாது, அழிக்கும் வேலை மிச்சம். பென்சில் நிழல் போடாதீர்கள், கொப்பியில் அழுக்குத் திட்டாக வரும். வரைந்ததைச் சுவரில் ஒட்டி 3 மீற்றர் பின்னால் போய்ப் பாருங்கள். ஆடா நாயா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தால் படம் தோற்றது. ஆட்டுக்குக் கொம்பும் தாடியும் வேண்டும். முக்கியமாக வால் குட்டையாக மேல்நோக்கி நிற்க வேண்டும், செம்மறிக்குத்தான் வால் கீழே தொங்கும். ஆறாம் பக்கத்தில் முழு ஆடு தேவையில்லை. தலை மட்டும் பக்கத்தின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு இருக்கட்டும். சிரிப்பு கன்னத்தில் இருக்கிறது, கன்னத்தைச் சின்னதாகப் போட்டால் சிரிப்பும் சின்னதாகிவிடும்.

எல்லாப் பக்கத்தையும் கலரில் அடிக்கக் காசு போதாது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கதைக்குக் கலரே தேவையில்லை, பச்சை ஒன்றைத் தவிர. கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்துவிட்டு, இலை வருகிற இடங்களில் மட்டும் கலர் பென்சிலால் பச்சை தீட்டுங்கள். ஐந்தில் இலை பச்சை, புரட்டினால் பக்கத்தில் பச்சையே இல்லை, ஆட்டின் கன்னத்தில் மட்டும் இலேசான பச்சைச் சாயல். கலரையும் ஆடே தின்றுவிட்டது. பெஸ்டல் வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடதாசியில் ஒரு தவறு இந்தப் புத்தகத்தையே கெடுத்துவிடும். சதுர மீற்றருக்கு 70 அல்லது 80 கிராம் நிறையுள்ள சாதாரண கொப்பித் தாளில் தடித்த கறுப்பு பின்பக்கம் தெரியும். ஐந்தும் ஆறும் ஒரே இதழின் முன்னும் பின்னும். ஆறில் உள்ள பெரிய தலை ஐந்திலேயே நிழலாகத் தெரிந்தால் பகிடி முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். 100 முதல் 120 கிராம் வரையான தாள் எடுங்கள், கறுப்பை முழுக்க நிரப்புவதையும் தவிருங்கள். அட்டைக்குத் தனியாகப் பிரிஸ்டல் போட் போட்டால் நான்கு பக்கம் கூடும். அப்போது பின்னட்டைப் பகிடி உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மை ஈரக் கையில் கரையும். லேசர் பிரிண்ட்டும் போட்டோ கொப்பியும் கரையாது.

உங்கள் பக்கத்து ஈரம் ஸ்டேப்லர் பின்னுக்கு எமன். மே முதல் செப்டெம்பர் வரை மழையில் சில வாரத்திலேயே துருப்பிடித்துக் கடதாசியில் சிவப்பு வட்டம் விழும், முனை பிரிந்து பிள்ளையின் விரலில் குத்தும். நூலால் தையுங்கள், ஒரு புத்தகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 சென்ரிமீற்றரில் ஒவ்வொன்று. உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே வந்து, நடுவை விட்டுவிட்டுக் கீழ்த் துளையால் வெளியே போய், மறுபடி நடுத் துளையால் உள்ளே வாருங்கள். இரண்டு முனையும் நீளமாக ஓடுகிற நூலின் இருபுறமும் வரும்படி வைத்து இறுக்கி முடியுங்கள். முடிச்சு உள்ளே இருக்கும், கைக்குச் சிக்காது. ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம், பூஞ்சணமும் பூச்சியும் வரும். பழைய கட்டுவேலைக்காரர் அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, புத்தகத்தை வாயில் வைக்கிற வயதுக்குக் கொஞ்சமும் ஆகாது. வெள்ளைக் கம் போதும்.

பெரிய ஏ3 புத்தகத்தை லெமினேட் செய்யலாம், சின்னதைச் செய்யாதீர்கள், மடிப்பில் வெடிக்கும். லெமினேட் செய்யும்போது கடதாசியைச் சுற்றி 5 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஓரத்தால் ஈரம் ஏறி உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். நான்கு மூலையையும் வட்டமாக வெட்டிவிடுங்கள், கூரான மூலை கண்ணுக்கு ஆபத்து.

எழுத்தைக் கணினியில் அடிப்பதானால் 24 புள்ளி அளவு, வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி, அலங்காரம் இல்லாத எழுத்துரு. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது ஒரு தொல்லை நிச்சயம் வரும். நமது நாட்டுக் கடைகளில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் நன்றாகப் புழங்குகிறது, நீங்கள் ஃபோனில் அடித்தது யுனிகோட். வேர்ட் கோப்பாக அனுப்பினால் அவர்கள் கணினியில் கொம்பு இடம் மாறி 'கோவா' சிதைந்து வரும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், முதல் பிரதியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், குறிப்பாக கொ, கோ, கௌ வருகிற சொற்களை. 40 சொல்தானே, கையால் அழகாக எழுதி ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பிள்ளைகளுக்கும் டீச்சரின் கையெழுத்து என்றால் தனிப் பிரியம். விலை கடைக்குக் கடை மாறுவதால் தொகை சொல்ல மாட்டேன், மூன்று இடத்தில் கேளுங்கள். ஐம்பது பிரதிக்கு போட்டோ கொப்பிதான் கட்டும். ஓஃப்செட் சில நூறு பிரதிக்கு மேல்தான் ஆதாயம். விற்பதானால் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐஎஸ்பிஎன் எண் எடுக்கலாம், வகுப்புக்கு மட்டும் என்றால் தேவையில்லை. இணையத்திலிருந்து கார்ட்டூன் மிருகங்களை எடுத்து ஒட்ட வேண்டாம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவை இன்னொருவரின் உடைமை.

ஐம்பது பிரதி எடுக்குமுன் பென்சில் மாதிரி ஒன்றை ஐந்தாறு பிள்ளைகளுக்கு மூன்று வெவ்வேறு நாளில் வாசியுங்கள். முதல் நாள் சிரிப்பு குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் கூடுதலாகச் சிரிப்பார்கள். மூன்றாம் நாளும் ஒரு பக்கத்தில் கண் வெளியே போனால் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். ஒரு நாள் வேறொருவரை வாசிக்க விடுங்கள். உங்கள் முகபாவத்துக்குத்தான் சிரித்தார்களா, புத்தகத்துக்கா என்று அப்போது தெரியும். வாசிக்கும்போது புரட்டுமுன் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். 'இப்ப என்ன ஆகும்?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். இப்படித் திறந்த கேள்வி கேட்டு வாசிப்பது பிள்ளைகளின் பேச்சு வளத்தைக் கூட்டுகிறது என்று குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இலேயே காட்டியிருக்கிறார்கள். பகிடியை மட்டும் விளக்காதீர்கள். 'குடை எங்க?' என்று கேட்டுவிட்டு, உண்மையிலேயே தெரியாதவர் மாதிரி மேசைக்கு அடியில் குனிந்து தேடுங்கள்.